மூன்று அடை தேனீ ஒரே இரவில் செத்துக் கிடக்கிறது: காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

தோட்டத்துவாசல்:
சிங்கப்பூரில் சிராங்கூன் கார்டன்ஸ் பக்கம், தரைவீட்டுத் தோட்டத்தில் வைத்திருக்கும் பெட்டி. இந்தியத் தேனீ. நான்கு சட்டத்தில் மூன்றில் அடை கட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை மகரந்தம் சுமந்துகொண்டு போவதும் வருவதுமாக இருந்தன. ஞாயிறு காலை ஒரு சத்தமும் இல்லை. அடித்தட்டு முழுக்கச் செத்த தேனீ. செவ்வாய்க்கிழமை திறந்தால் ஓர் அடையின் ஓரத்தில் வெள்ளையாக நூல் பின்னியிருக்கிறது, உள்ளே புழு நெளிகிறது. முசுறு எறும்பு வேறு வரிசை கட்டி உள்ளே போகிறது. மெழுகு அந்து கொன்றதா, முசுறு கொன்றதா? பெட்டியைக் கழுவிவிட்டு இதே அடையில் புதுக் கூட்டத்தைக் குடிவைக்கலாமா?

மகரந்தப்பொடி:
தயவுசெய்து இன்னும் கழுவாதீர்கள். சாட்சி எல்லாம் அந்த அடித்தட்டில்தான் இருக்கிறது.

அந்து கொல்லவில்லை. அதன் முட்டை ஏறக்குறைய எல்லாப் பெட்டியிலும் இருக்கும். தேனீ இருக்கும்வரை புழுவை இழுத்துப் போட்டுவிடும். காவல் போனதும் அடை புழுவுக்குச் சொந்தம். நம் ஊர்ச் சூட்டில் மூன்று நாள் போதும், நூல் கண்ணுக்குத் தெரியும். முசுறு பலவீனமான கூட்டத்தைத் தாக்கும் என்பது உண்மைதான். ஆனால் தாக்கியிருந்தால் முழு உடல்கள் குவிந்து கிடக்காது, கால் தனி தலை தனியாகத் தூக்கிப் போயிருக்கும். இப்போது அவை வந்திருப்பது இலவசச் சாப்பாட்டுக்கு.

செத்த தேனீயைக் கோப்பையில் அளந்து சொல்லுங்கள், உள்ளே எவ்வளவு, வாசலுக்கு வெளியே எவ்வளவு என்று தனித்தனியாக. நாக்கு நீண்டிருக்கிறதா? அடையின் அறைக்குள் தலையை விட்டபடி செத்தவை உண்டா? மூடிய தேன் மிச்சமிருக்கிறதா? ராணி கிடைத்ததா? அடையில் எந்த வயதுத் தேனீப் புழு செத்திருக்கிறது? கடைசியாக, அந்த இரண்டு நாளில் சுற்றுவட்டாரத்தில் யாராவது கொசுப்புகை அடித்தார்களா?

தோட்டத்துவாசல்:
உள்ளே இரண்டு கோப்பை, வாசலுக்குக் கீழே புல்லில் ஒரு கோப்பை. பெரும்பாலானவற்றுக்கு நாக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அறைக்குள் தலைவிட்டுச் செத்தது ஒன்றுகூட இல்லை. அடையின் மேல்பக்கம் இரண்டு விரற்கடை மூடிய தேன் அப்படியே இருக்கிறது. ராணி குவியலுக்குள்ளேயே கிடைத்தது. சின்னப் புழு, பெரிய புழு, மூடிய அறை எல்லாமே செத்திருக்கின்றன. சனிக்கிழமை மாலை ஆறரைக்குப் பின்பக்க வடிகாலில் புகை அடித்தார்கள். பெட்டியின் வாசல் அந்தப் பக்கம் பார்த்ததுதான், பத்து மீட்டர் இருக்கும்.

மகரந்தப்பொடி:
அரைக் கோப்பைக்கு ஐரோப்பியத் தேனீ ஏறத்தாழ 300 பிடிக்கும். நம்முடையது உருவில் சிறியது, எண்ணிக்கை இன்னும் கூடும். ஆக உங்கள் மூன்று கோப்பை 1,800க்கு மேல். மூன்று அடைக் கூட்டத்தில் பெரும்பங்கு செத்த இடத்திலேயே கிடக்கிறது என்று அர்த்தம். கூட்டம் பறந்து போகவில்லை. இடம்பெயர்ந்து போயிருந்தால் பெட்டி வெறுமையாக இருக்கும், ராணியும் கூடவே போயிருக்கும்.

பட்டினியும் இல்லை. பட்டினியில் செத்த தேனீ, அறையின் அடியில் கடைசித் துளியைத் தேடித் தலையை உள்ளே விட்டபடியே விறைத்திருக்கும். அடையில் தேன் இருக்காது. டிசம்பர், ஜனவரி ஆரம்பத்தில் நாள்கணக்கில் மழை கொட்டும்போது சின்னக் கூட்டங்களுக்கு அப்படி நடப்பதுண்டு. சூட்டினால் செத்திருந்தால் அடை உருகிச் சரிந்து, தேனீக்கள் தேனில் நனைந்து பளபளவென்று ஒட்டிக்கிடக்கும்.

மிஞ்சுவது நஞ்சு. கொசுப்புகையில் பெரும்பாலும் பைரித்ராய்டு வகை மருந்து இருக்கும். அது பட்ட தேனீயின் நரம்பு ஓயாமல் துடித்துக்கொண்டே இருக்கும். நடுங்கும், மல்லாந்து சுழலும், பறக்க முடியாமல் வாசலிலேயே விழும், நாக்கு நீண்டபடி சாகும். ஆறரை மணிக்கு மேயப் போனவை வீடு திரும்புகிற நேரம். வந்தவை புல்லில் விழுந்தன, இருந்தவை தட்டில் விழுந்தன. நாக்கு ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது, மூச்சுத் திணறிச் செத்தாலும் நீளும். இங்கே நாக்கு, எண்ணிக்கை, நேரம், வாசல் திசை நான்கும் ஒரே பக்கம் கைகாட்டுகின்றன.

பொந்துத்தேன்:
நானும் புகை என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் நோயை ஒதுக்காமல் முடிவுக்கு வரவேண்டாம், ஏனென்றால் அடுத்த கூட்டம் அதே பெட்டிக்குத்தான் வரப்போகிறது.

ஒரு சாமணத்தால் பெரிய புழுவைத் தலைப்பக்கம் பிடித்து மெல்லத் தூக்குங்கள். பைப்புழு நோய் என்றால், புழு தோல் கிழியாமல் தண்ணீர் நிறைந்த பை மாதிரி முழுசாக வெளியே வரும். தலைமுனை மட்டும் தோணி முகப்பு போல மேலே தூக்கிக் கறுத்திருக்கும். 1991-92இல் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் இந்தியத் தேனீயைக் கூண்டோடு வாரிக்கொண்டு போன வைரஸ் நோய் இந்த வகைதான். பிறகு, மூடி உள்வாங்கிய அறை ஏதாவது இருந்தால் தீக்குச்சியை விட்டுக் கிளறி இழுங்கள். காப்பி நிறத்தில் கோந்து மாதிரி இரண்டு செண்டிமீட்டர் நூலாக நீண்டால் அது அமெரிக்கப் புழு அழுகல் என்ற பாக்டீரியா நோய். அதன் வித்துக்கள் பல ஆண்டு சாகாது.

இதைவிடச் சுலபமான அடையாளம் வயது. நோய் வந்தால் குறிப்பிட்ட வயதுப் புழுதான் சாகும், பக்கத்து அறையில் நல்ல புழு இருக்கும், அடை சொட்டை சொட்டையாகத் தெரியும். எல்லா வயதும் ஒரே நேரத்தில் செத்திருந்தால் முதலில் போனது தாதித் தேனீ. 33, 34 டிகிரிச் சூடு தருவதற்கும் ஊட்டுவதற்கும் ஆளில்லாமல் புழு பின்னால் செத்தது.

இணையத்தில் தேடினால் எல்லாரும் வரோவா உண்ணி என்பார்கள். அது ஐரோப்பியத் தேனீயின் துயரம். இந்தியத் தேனீயில் அந்த உண்ணி பெரும்பாலும் ஆண்தேனீ அறையில்தான் பெருகும். ஓர் இரவில் கூட்டத்தை அழிக்காது.

தோட்டத்துவாசல்:
இருபது புழுவைத் தூக்கிப் பார்த்தேன். பை இல்லை, எல்லாம் குழைந்து கிழிகிறது. குச்சியில் நூலும் வரவில்லை. அப்படியானால் அடையை வைத்துக்கொள்ளலாமா?

பொந்துத்தேன்:
வேண்டாம். அந்த மருந்து வெயிலில் சிதையும், ஆனால் மெழுகில் ஊறிவிட்டால் இருட்டான பெட்டிக்குள் நெடுநாள் தங்கும். தேனையும் சாப்பிடாதீர்கள். திறந்து வைக்கவும் கூடாது. வேறு கூட்டம் வந்து அள்ளிக்கொண்டு போய் அதுவும் சாகும். அடையைச் சட்டத்திலிருந்து வெட்டி, இரண்டு பைக்குள் போட்டுக் கட்டிக் குப்பையில் சேருங்கள். பெட்டியையும் சட்டத்தையும் சுரண்டி, சலவை சோடா கரைத்த வெந்நீரில் தேய்த்து, இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காயவிடுங்கள். பெட்டி நிற்கும் காலுக்கு எண்ணெய்க் கிண்ணம் வைக்க மறக்கவேண்டாம், முசுறு இனி வழி மறக்காது.

ஆய்வுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் இனி ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் சுத்தமான செத்த தேனீயாகப் பார்த்து ஒரு கோப்பை உறைபெட்டியில் வையுங்கள். ஈரத்தில் மூன்று நாள் கிடந்ததில் மருந்தின் அளவு குறைந்திருக்கலாம், எதிலும் தென்படவில்லை என்று முடிவு வந்தாலும் புகை இல்லை என்று ஆகிவிடாது.

மகரந்தப்பொடி:
புதுக் கூட்டம் வைக்கும்போது வாசலை வடிகாலுக்கு எதிர்ப்பக்கம் திருப்புங்கள், நடுவில் செடிமறைப்பு இருக்கட்டும். புகை அடிக்கும் நிறுவனத்திடம் முந்தின நாளே தகவல் கேட்டு வாங்குங்கள். காலையில் அடிப்பதாக இருந்தால் வேலை சுலபம்: முந்தின இரவு எட்டு மணிக்கு மேல், எல்லாம் உள்ளே போனபின் வாசலில் கம்பி வலை அடித்து, புகைக்குச் சற்றுமுன் ஈரச் சாக்கைப் போர்த்தி, புகை கலைந்து ஒரு மணி நேரம் கழித்துத் திறக்கலாம். மாலைப் புகை என்றால் பகல் முழுக்க அடைத்து வைக்காதீர்கள், 32 டிகிரியில் உள்ளேயே வெந்துவிடும். அரை மணி முன்னால் வலையும் சாக்கும் போடுங்கள். வெளியே மேய்பவை செத்துப்போகும், அது வேதனைதான். ராணியும் தாதிகளும் தப்பினால் சுமார் இருபது நாளில் இன்றைய முட்டையெல்லாம் பணித்தேனீயாக வெளிவரும்.

குடியிருப்பாளர் கூட்டத்தில் ஒன்று கேட்டுப் பாருங்கள். புகை பறக்கும் கொசுவைத்தான் கொல்லும், வடிகால் தண்ணீரில் இருக்கும் புழுவைத் தொடாது. தேங்கிய நீரை அகற்றுவதும், பிடிஐ பாக்டீரியா மருந்து போடுவதும் கொசுப்புழுவை நேராக அடிக்கும், தேனீக்கு ஒன்றும் ஆகாது.