மாட்டுங்கா குடும்பம்: மழையில் அடித்த ப்ரைமர்

கார்த்திக்: [படம்] நேத்து மொட்டை மாடியில என் குட்டி சிப்பாய் பொம்மை அஞ்சு பேருக்கும் ப்ரைமர் ஸ்ப்ரே அடிச்சேன், அதான் கலருக்கு முன்னாடி போடற அடிப்பூச்சு. காலம்பற பாத்தா உடம்பெல்லாம் மாவு தூவின மாதிரி சொரசொரப்பு. மூணு ஞாயித்துக்கிழமை உக்காந்து ஒட்டினது. மனசே விட்டுப்போச்சு.

ரம்யா: ஐயோ, அங்கி போட்டுண்டு வாளைத் தூக்கிண்டு நிக்கறானே, அவனுமா?

கார்த்திக்: அவன்தான் மோசம். அங்கி மடிப்பெல்லாம் தூர்ந்துபோச்சு.

முரளி சித்தப்பா: எத்தனை மணிக்கு அடிச்சே?

கார்த்திக்: சாயந்தரம் 6 மணி. மழை விட்டிருந்தது சித்தப்பா.

முரளி சித்தப்பா: மழை விட்டா போறுமா? ஜூலை மாசம் மும்பையில துணியே ரெண்டு நாளானாலும் காயாது. ஈரக்காத்துல ஸ்ப்ரே அடிச்சா இப்படித்தான் பூத்துப்போகும். தூரத்துலேந்து அடிச்சாலும் வழியிலேயே பாதி காஞ்சு பொடியா வந்து ஒட்டும். ஒரு சாண் தள்ளி, சுர்ருனு ஒரு இழுப்பு, உடனே கையை எடுத்துடணும். முதல்ல பிளாஸ்டிக் ஸ்பூன்ல அடிச்சுப் பாரு.

முரளி சித்தப்பா: தூக்கிப் போட்டுடாதே. எல்லாம் பிளாஸ்டிக்தானே?

கார்த்திக்: ஒருத்தன் மட்டும் ரெசின்.

முரளி சித்தப்பா: அவனைத் தனியா வை, ரெசினுக்கு ஆல்கஹால் ஒத்துக்காமப் போகலாம். மத்த நாலையும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல ஊறப்போட்டு பழைய டூத் பிரஷால தேய், ப்ரைமர் உரிஞ்சு வந்துடும். ஜன்னலைத் திறந்து வை, அடுப்புப் பக்கம் கூடவே கூடாது.

கார்த்திக்: ஒட்டினது விட்டுடாதா?

முரளி சித்தப்பா: பிளாஸ்டிக் பசை ரெண்டு பக்கத்தையும் கரைச்சு ஒண்ணாக்கிடும், விடாது. சூப்பர் க்ளூ வெச்ச இடம் தேய்க்கறப்போ தெறிச்சாலும் தெறிக்கும்.

லலிதா அத்தை: இது விளையாடவா, அலமாரியில வெக்கவா?

கார்த்திக்: விளையாடத்தான் அத்தை. வார்ஹாமர் 40,000. 1987லேந்து இருக்கற ஆட்டம். மேசை மேல ரெண்டு படை, டேப்பால அளந்து நகத்தி, பகடை உருட்டிச் சண்டை. வர்ணம் பூசாத படையோட போய் நிக்க எனக்கு மனசு வராது.

பாட்டி: ஸ்ப்ரே எதுக்குடா கண்ணா? கொலு பொம்மைக்கு உங்க தாத்தா கையாலேயே வெள்ளை பூசுவார். தண்ணியா ஒரு கை, காஞ்சப்புறம் இன்னொரு கை. கெட்டியாப் பூசினா மூக்கு முழியெல்லாம் மூடிடும்.

கார்த்திக்: பாட்டி, இதுலயும் அதேதான்! பிரஷால பூசற ப்ரைமரும் இருக்கு, மழை முடியறவரைக்கும் இனிமே அதுதான். கலரும் பால் மாதிரி நீர்த்து ரெண்டு கை. அப்புறம் வாஷ்னு ஒண்ணு, கருப்புத் தண்ணி மாதிரி. பூசினா தானா மடிப்புக்குள்ள ஓடி நிழலா நிக்கும். முதல்தடவை அதைப் பாத்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரலை.

பாட்டி: கண்ணு கடைசியிலதானே?

கார்த்திக்: இல்ல பாட்டி, நான் முதல்ல வெச்சுடுவேன். மொத்த ஆளே ஏறக்குறைய 3 செ.மீ. உயரம், கண்ணு கடுகுல பாதி கூட இல்லை. தவறினா சுத்தி முகக் கலரால திருத்திக்கலாம். முகத்தை முடிச்சப்புறம் தவறினா முகமே போச்சு.

பாட்டி: நியாயம்தான். ஆனா எனக்கு மனசு ஒப்பலை. நகையெல்லாம் எழுதி, கடைசியா கண்ணைத் திறந்தாதான் அம்பாள். அதுவரைக்கும் மண்ணு.

கார்த்திக்: அப்போ அங்கிக்காரனுக்கு மட்டும் கடைசியா வெக்கறேன் பாட்டி.

பாட்டி: மூச்சை விட்டுட்டு வை. பிடிச்சுண்டு வெச்சா கை ஆடும். நம்மாத்து செட்டியார் பொம்மைக்கு மூக்கு நுனி உதிர்ந்திருக்கு. பண்ருட்டி பொம்மை, காகிதக்கூழ். சனிக்கிழமை உன் சின்ன பிரஷை எடுத்துண்டு வா.

கார்த்திக்: வரேன் பாட்டி. மூக்கை அடைச்சு உருவம் பிடிக்க புட்டி மாவும் எடுத்துண்டு வரேன். தண்ணி பட வேண்டாம், அப்படியே மூடி வைங்கோ.