சுவரில் ஒன்று, செங்கலில் ஒன்று

மணலி புதுநகரில் எங்கள் வீடு தரைத்தளம். கொசஸ்தலை ஆறு பக்கத்திலேயே. பின்னால் காலி மனை, முழங்கால் உயரத்துக்குக் கோரைப்புல். மழைக்காலத்தில் பாம்பு வருவது எங்களுக்குப் புதிதில்லை, ஆனால் வந்ததெல்லாம் தண்ணீர்ப் பாம்பும் சாரையும்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் தண்ணீர் வாசல் வரை நின்றபோது படியில் ஏறிப் படுத்திருந்த ஒன்றை, அம்மா துடைப்பத்தால் தள்ளிவிட்டு டீ போடப் போய்விட்டார்.

அடுத்த வருஷம் ஒரு ராத்திரி, குளியலறைச் சுவரில் ட்யூப்லைட்டை ஒட்டி ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. காப்பிக்கொட்டை நிறம், குறுக்கே வெள்ளைப் பட்டைகள். நான் "கட்டுவிரியன்!" என்று போட்ட சத்தத்தில் பாதித் தெரு கூடிவிட்டது. ஒருவர் கடப்பாரையோடு வந்தார். "தலை முக்கோணமா இல்லையே, விஷம் இருக்காது" என்றார் இன்னொருவர். (கட்டுவிரியனுக்கும் நல்ல பாம்புக்கும் தலை முக்கோணமாக இருக்காது. அந்தக் கணக்கை நம்பிக் கிட்டே போகாதீர்கள்.) எதிர்வீட்டு அண்ணன்தான் எல்லோரையும் தடுத்து, பாம்பு பிடிக்கும் பையனுக்குப் போன் போட்டார்.

அவன் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "இது பல்லி புடிக்க வந்திருக்குண்ணா. கட்டுவிரியன் பெரும்பாலும் தரையிலதான் ஊரும்." வெள்ளிக்கோல் வரையனாம், ஓநாய்ப் பாம்பு என்றும் சொல்வார்களாம், விஷம் கிடையாதாம். பிளாஸ்டிக் டப்பாவில் விட்டு எங்களுக்குக் காட்டினான். கழுத்தை ஒட்டியே முதல் பட்டை, காலர் மாதிரி. வால் பக்கம் போகப் போகப் பட்டை மங்கி, கடைசியில் வெறும் பழுப்பு. கட்டுவிரியனுக்கு இது தலைகீழ் என்றான்: கழுத்துப் பக்கம் கோடு இருக்காது, இருந்தாலும் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும், வால் வரைக்கும் போகப் போகத் தெளிவாகும், கோடுகள் பெரும்பாலும் ஜோடி ஜோடியாக வரும்.

அன்றிலிருந்து எங்கள் தெருவுக்குப் பாம்பு வைத்தியர் நான்தான். வாட்ஸ்அப்பில் யார் படம் போட்டாலும் முதல் பதில் என்னுடையது. கொஞ்சம் ஓவராகத்தான் போனேன்.

போன ஐப்பசியில் மோட்டார் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்த செங்கலில் ஒன்று தெரிந்தது. தலையும் கழுத்தும் சந்துக்குள், பின்பாதி மட்டும் வெளியே. பார்த்ததும் "நம்ம ஆளுதான்" என்று சொல்லிவிட்டு, தள்ளிவிட மாப் குச்சியை எடுத்துக்கொண்டு குனிந்தேன். ஒரு முழம்கூட இடைவெளி இல்லை. பின்னாலிருந்து என் மகள், "அப்பா, வால்ல கோடு மங்கிடும்னு அந்த அண்ணா சொன்னாரே, இதுக்குப் பளிச்சுனு இருக்கே" என்றாள்.

அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். காப்பி நிறமே இல்லை. எண்ணெய் தடவின மாதிரி நீலம் ஓடிய கருப்பு. மெல்லிய வெள்ளைக் கோடுகள், இரண்டிரண்டாக, வால் நுனி வரைக்கும்.

குச்சியைக் கீழே போடக்கூடத் தோன்றவில்லை, அப்படியே பின்னால் வந்தேன். அதே பையன் வந்து கொக்கியால் எடுத்தான். கட்டுவிரியனேதான். முதுகெலும்பு நெடுக அறுகோணச் செதில்கள், மற்றதைவிடப் பெரிதாக, வரிசையாக இருந்தன. அவன் என்னை ஒன்றும் கேட்கவில்லை. மாப் குச்சியை ஒருதரம் பார்த்தான், என்னை ஒருதரம் பார்த்தான்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. வெக்கைக்கு ஹாலில் பாய் போட்டுப் படுக்கிற குடும்பம் நாங்கள். இது ராத்திரியில் நடமாடுவது, தரையில் தூங்குபவரைக் கடித்தாலும் எறும்பு கடித்த அளவுக்குக்கூட வலிக்காமல் போகலாம். விடியும்போது வயிற்று வலி, கண் இமை தொங்குவது என்று ஆரம்பித்த பிறகுதான் பலருக்குத் தெரியவருகிறது. இப்போது கட்டில், கொசுவலை, வலையின் ஓரம் மெத்தைக்கு அடியில். செங்கல்லை அன்றைக்கே காலி பண்ணியாயிற்று.

கடித்துவிட்டால் பாம்பைத் தேடி அலைய வேண்டாம், இறுக்கிக் கட்டுவது, கீறுவது எதுவும் வேண்டாம். 108க்குப் போன் போட்டு, கடிபட்ட கையையோ காலையோ ஆட்டாமல் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். அந்த மருந்தைத் தயாரிக்கத் தேவையான விஷத்தை வடநெம்மேலியில் 1978இல் ஆரம்பித்த இருளர் கூட்டுறவுச் சங்கத்துக்காரர்கள் எடுத்துத் தருகிறார்கள்.

*

காசிமேடு மீன்பிடித் துறைமுகப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியது: எங்களுக்கும் வால்தான் கணக்கு. வலையில் விலாங்கு மாதிரி நெளிந்து வரும், வால் மட்டும் துடுப்பு மாதிரி தட்டையாக இருந்தால் கடல் பாம்பு. நீங்கள் சொன்ன நாலு பாம்பு மருந்து இதற்குக் கேட்காது. அப்பா வெறுங்கையால் எடுத்துக் கடலில் வீசுவார், சாதுதான் என்பார். நான் கட்டையால் தள்ளுவேன். இன்னமும் அதைச் சொல்லித்தான் கிண்டல் பண்ணுகிறார்.