அந்த ராத்திரி நான் போட்ட கமெண்ட்

வேலூர்ப் பக்கம் எங்கள் ஊரில் தெருவுக்குப் பத்துப் பேராவது பட்டாளத்தில் இருப்பார்கள். என் வீட்டுக்காரரும் அப்படித்தான். 2025 மே 8 ராத்திரி, பாகிஸ்தானோடு சண்டை நடந்துகொண்டிருந்தபோது, அவர் ஜம்மு பக்கம் இருந்தார். மாமனார் ஐபிஎல் பார்த்துக்கொண்டிருந்தார். தர்மசாலாவில் விளக்கு அணைந்து மேட்ச் பாதியில் நின்றதுமே எங்களுக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. வீட்டுக்காரருக்குப் போன் போட்டால் லைன் கிடைக்கவில்லை.

அப்புறம் விடிய விடிய ஒரு செய்தி சேனலின் வெப்சைட்தான் கதி. பக்கத்தைத் திறந்தாலே வீடியோ தானாக ஓடும், கூடவே சைரன். தூங்கிய குழந்தை இரண்டு தடவை அலறி எழுந்தது. (சைரன் சத்தம் போடாதீர்கள் என்று அரசாங்கம் சேனல்களுக்குச் சொன்னது 10ஆம் தேதிதான்.) நள்ளிரவு வாக்கில் கராச்சி துறைமுகத்தைத் தாக்கிவிட்டதாகச் சிவப்பு எழுத்தில் வந்தது. கீழே வரிசையாக ஜெய்ஹிந்த். நானும் போட்டேன். அதோடு விட்டிருக்கலாம். என் கணவருக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று எழுதி, அவர் இருக்கும் ஊரையும் யூனிட்டையும் சேர்த்துவிட்டேன். மனசு அப்படித் தவித்துக்கொண்டிருந்தது.

காலையில் எதிர்வீட்டு சுபேதார் பெரியப்பாவிடம் போனைக் காட்டினேன். அவர் முகமே மாறிவிட்டது.

"ஏம்மா, பஹல்காம் தாக்குதல் நடந்ததுமே படை போறதை வர்றதை லைவ்ல காட்டக் கூடாதுன்னு டிவிக்காரங்களுக்கே உத்தரவு போட்டாங்க. நீ ஊர் பேரோட எழுதி வெச்சிருக்கியே."

கை நடுங்கியது. அழிக்கலாம் என்று போனால், போட்ட கமெண்ட்டை நாமே எடுக்க அங்கே வழியில்லை. புகார் பொத்தானை அழுத்தினேன், இரண்டு மெயில் அனுப்பினேன், பதிலே இல்லை. கராச்சி செய்தி மட்டும் அதற்குள் காணாமல் போயிருந்தது. துறைமுகத்துக்கு ஒன்றுமே ஆகவில்லை. தப்பாகப் போட்டுவிட்டோம் என்று ஒரு வரி கிடையாது. தங்கள் தப்பைச் சத்தமில்லாமல் எடுக்கத் தெரிந்தவர்கள் என் தப்பையும் எடுத்திருக்கக் கூடாதா? இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

10ஆம் தேதி சாயந்திரம் சண்டை நிறுத்தம் என்று அறிவித்தார்கள். ராத்திரி அவர் பேசினார், நன்றாக இருக்கிறேன் என்றார். கமெண்ட் விஷயத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் காலையில் திரும்பப் போய்ப் பார்த்தேன். கமெண்ட் அப்படியே இருந்தது. அதன் கீழே, படமில்லாத ஒரு கணக்கிலிருந்து யாரோ கேட்டிருந்தார்கள்: "அந்த ஊர்ல எந்தப் பக்கம் சிஸ்டர்?"