தோட்டத்துக் காய்களில் செய்யும் கேசரோல் தண்ணீர் விட்டுக்கொள்வது ஏன்?

கேள்வி:
வணக்கம். வீட்டுத் தோட்டத்தில் சுக்கினியும் (வெள்ளரிக்காய் போலத் தோன்றும் பூசணி வகைக் காய்) தக்காளியும் ஒரே நேரத்தில் காய்த்துத் தள்ளுவதால், இரண்டு வாரத்தில் மூன்று முறை கேசரோல் செய்துவிட்டேன். உருளைக்கிழங்கை அடியிலும் மற்ற காய்களை மேலுமாக அடுக்கி, மாவும் பாலும் சேர்த்துக் காய்ச்சிய வெள்ளை சாஸ் ஊற்றி, சீஸைத் துருவிப் போட்டு, 180 டிகிரி செல்சியஸில் 45 நிமிடம் ஓவனில் வைத்தேன். மூன்று முறையும் மேற்பரப்பு பொன்னிறமாக இருந்தது. ஆனால் கரண்டியை விட்டதும் அடியில் குளம் கட்டி நின்றது, சாஸும் திரிந்தாற்போல் பிரிந்திருந்தது. அவ்வளவு தண்ணீரில் கிடந்தும் உருளைக்கிழங்கு மட்டும் நறுக்கென்று கடிபட்டதுதான் எனக்கு விளங்கவில்லை. மாவைக் கூட்டுவதா, நேரத்தைக் கூட்டுவதா?

மறுமொழி 1:
இரண்டுமே வேண்டாம், மாவைக் கூட்டினால் களிதான் கிடைக்கும். சுக்கினியின் எடையில் ஏறத்தாழ 95 விழுக்காடு தண்ணீர், தக்காளியிலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் என்பதால், அதை ஓவனுக்குள் அனுப்புவதற்கு முன்பே வெளியேற்ற வேண்டும். நறுக்கிய சுக்கினியில் அரைக் கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி உப்பைப் பிசறி, வடிகட்டியில் அரை மணி நேரம் வைத்தால் நீர் தானாகச் சொட்டும். பிறகு துணியில் கட்டிப் பிழிந்துவிடுங்கள். இலை மறைவில் கண்ணில் படாமல் முற்றிப்போன காயென்றால், நடுவிலுள்ள பஞ்சு போன்ற விதைப்பகுதியைச் சுரண்டி எறிந்துவிடலாம். தக்காளியின் விதையையும் சாறையும் நீக்கிவிட்டுச் சதையை மட்டும் சேர்த்தால் போதும். சாஸில் மறுபடியும் உப்புப் போட்டுவிடாதீர்கள். நான் ஒருமுறை மறந்துபோய்ப் போட்டு, முழுத் தட்டையும் உரக்குழிக்குக் கொடுத்தேன்.

மறுமொழி 2:
உருளைக்கிழங்கு வேகாததற்குத் தண்ணீர் காரணமன்று, தக்காளியின் புளிப்பே காரணம். காயின் செல்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பெக்டின், புளிப்பு சேர்ந்தால் எளிதில் இளகாது. அதனால் நேரத்தைக் கூட்டினாலும் கிழங்கு எளிதில் மெத்தென்று வேகாது. சாஸ் திரிந்ததிலும் அதே புளிப்புக்குப் பங்கு உண்டு. கிழங்கை 3 மில்லிமீட்டர் கனத்தில் சீவி, கொதிநீரில் 5 நிமிடம் அரைவேக்காடாக வேகவைத்து அடுக்குங்கள். முதல் 30 நிமிடம் அலுமினியத் தாளால் மூடி வைத்து, பிறகு திறந்துவிட்டால் கிழங்கும் வேகும், மேலே நிற்கும் ஈரமும் ஆவியாகும். வெளியே எடுத்தபின் 10 நிமிடமாவது ஆறவிடாமல் வெட்டினால், கெட்டியாக வேண்டிய சாஸ் ஓடிவிடும்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. நேற்று 800 கிராம் சுக்கினியைப் பிழிந்ததில் முக்கால் தம்ளர் நீர் வந்ததைக் கண்டு திகைத்துவிட்டேன். துண்டுகள் வெட்டிய வடிவிலேயே தட்டுக்கு வந்தன, கிழங்கும் வெண்ணெயாக வெந்திருந்தது. சாஸில் உப்பே போடாதபோதும் உப்புச் சற்றுத் தூக்கலாக இருந்ததுதான் குறை.

மறுமொழி 1:
அதற்குச் சீஸின் உப்பும் காரணமாக இருக்கலாம். அடுத்த முறை பிழிவதற்கு முன் சுக்கினியைத் தண்ணீரில் ஒருமுறை அலசிவிடுங்கள்.