மென்பொருள் செயல்விளக்கம்: எந்தத் திரையை முதலில் திறப்பது?

விற்பனைப் பிரிவில் செயல்விளக்கம் அளிப்பவர்:

சரக்கிருப்பு மென்பொருளை வாங்க எண்ணுபவர்களுக்கு அதை இயக்கிக் காட்டுவதே பதினொரு ஆண்டுகளாக என் வேலை. தொடக்க காலத்தில் நான் லாகின் திரையில் ஆரம்பித்து, மெனு இருக்கும் வரிசையிலேயே ஒவ்வொரு பகுதியாகத் திறந்துகொண்டே போவேன். பயனர்களைச் சேர்ப்பது, கிளைகளைப் பதிவது, வரி விகிதங்களை அமைப்பது என்று அரை மணி நேரம் கரைந்துவிடும். அப்படி ஒரு நாள் பேசிக்கொண்டிருந்தபோது, மேசையின் கடைசியில் நீண்ட நோட்டுடன் அமர்ந்திருந்த கிடங்குப் பொறுப்பாளர், "கணக்கில் 40 பெட்டி காட்டுகிறது, எண்ணிப் பார்த்தால் 37தான் இருக்கிறது என்றால், மீதி மூன்றும் எங்கே போயின என்று இதில் கண்டுபிடிக்க முடியுமா, சார்?" என்று கேட்டார்.

முடியும். ஒரு பொருளின் வரவையும் செலவையும் தேதிவாரியாக, பதிந்தவர் பெயருடன் காட்டும் திரை எங்கள் மென்பொருளில் இருந்தது. ஆனால் நானோ, "பிறகு அந்தப் பகுதிக்கு வருகிறேன், மேடம்" என்று சொல்லிவிட்டு வரி விகிதங்களையே தொடர்ந்தேன். அவர் நோட்டை மூடினார். நான் அந்தத் திரைக்கு வந்து சேர்வதற்குள் உரிமையாளர் வேறொரு கூட்டத்துக்கு எழுந்து போய்விட்டார். அந்த விற்பனையும் நடக்கவில்லை.

அதன்பிறகு என் முறையை முழுவதுமாக மாற்றிக்கொண்டேன். பணம் கொடுப்பவரிடம் மட்டுமன்றி, அந்த மென்பொருளின் முன் நாள் முழுவதும் உட்காரப்போகிறவரிடமும் முன்கூட்டியே தொலைபேசியில் பேசி, எந்த வேலை அவரை மாலையில் வீட்டுக்குப் போகவிடாமல் பிடித்துவைக்கிறது என்று கேட்டுக்கொள்கிறேன். சந்திப்பில் நான் முதலில் திறப்பது, அந்த வேலை முடிந்து நிற்கும் திரையைத்தான். அங்கே எப்படி வந்தோம் என்பதை, அவர்கள் கேட்கும் அளவுக்கு மட்டும் பின்னோக்கி விளக்குகிறேன். கேட்காத வசதிகளைக் காட்டுவதில்லை. இதை என் சக ஊழியர்கள் பலர் ஏற்பதில்லை. ஆயினும் கூடுதலாகத் திறக்கும் ஒவ்வொரு திரையும், 'இதையெல்லாம் நம் ஆட்கள் கற்றுக்கொள்ள வேண்டுமா?' என்ற தயக்கத்தை வளர்ப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் கணினி ஆய்வாளர் டக்ளஸ் எங்கல்பார்ட் அளித்த 90 நிமிடச் செயல்விளக்கத்தின் படப்பதிவை இத்துறைக்கு வருபவர்கள் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம். மௌஸ் என்ற கருவியையே பெரும்பாலோர் கண்டிராத காலம் அது. அவர் கருவியைப் பற்றித் தொடங்காமல், நாள் முழுவதும் உடனுக்குடன் பதிலளிக்கும் கணினித் திரை ஒன்று உங்கள் மேசையில் இருந்தால் அதனால் உங்களுக்கு எவ்வளவு பயன் விளையும் என்ற கேள்வியுடன் தொடங்குகிறார். அவையில் இருந்தவர்கள் கணினி வல்லுநர்களே. ஆனாலும் சொற்களை நகர்த்தி வகைப்படுத்துவதைக் காட்ட அவர் எடுத்துக்கொண்டது, கடையில் வாங்க வேண்டிய பொருள்களின் சாதாரணப் பட்டியல்.

மென்பொருள் உருவாக்குநர் ஒருவர்:

செயல்விளக்கத்துக்காக நாமே உள்ளிட்டு வைக்கும் மாதிரித் தரவைப் பற்றி ஒன்று சேர்க்க விரும்புகிறேன். 'இந்த மாத விற்பனை' என்ற அறிக்கையை ஒரு வாடிக்கையாளர் முன் திறந்தபோது, திரை வெறுமையாக வந்தது. மென்பொருளில் பிழை இல்லை; மாதிரிப் பதிவுகள் அனைத்தும் இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய தேதியில் இருந்தன. நான் தேதியை மாற்றி மீண்டும் எடுத்தபோது வந்த வாடிக்கையாளர் பெயர்களோ 'டெஸ்ட்1', 'டெஸ்ட்2' என்று இருந்தன. அதைத் தம்முடைய அறிக்கையாக யாரால் எண்ணிப் பார்க்க முடியும்? இப்போது ஒவ்வொரு சந்திப்புக்கு முன்பும் தேதிகளை முன்நகர்த்தும் சிறு நிரலை ஓட்டுகிறேன். அவர்கள் தொழிலில் வழங்கும் பொருள்பெயர்களையே உள்ளிடுகிறேன். சந்திப்புக்கு இரண்டு நாள் முன்பிருந்து அந்தச் சர்வரில் எந்த அப்டேட்டும் ஏற விடுவதில்லை. 1998 ஏப்ரலில் சிகாகோவில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 98-ஐ மேடையில் காட்டியபோது, ஸ்கேனரை இணைத்ததும் பில் கேட்ஸின் கண்முன்னே கணினி முடங்கி, பிழையைக் காட்டும் நீலத்திரை வந்துவிட்டது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அது நேர்ந்தது என்பதால், முக்கியப் படிகளின் திரைப்பதிவு ஒன்றையும் எப்போதும் கையில் வைத்திருக்கிறேன்.

வாங்கும் தரப்பிலிருந்து, கணக்குப் பிரிவு மேலாளர்:

நான் மேசையின் மறுபக்கம் அமர்பவன். கணக்கு மென்பொருளுக்காக மூன்று நிறுவனங்களை அழைத்திருந்தோம். எதைக் கேட்டாலும் முதல் இருவரும் "முடியும்" என்றார்கள். மூன்றாவதாக வந்தவரிடம், பதிந்துவிட்ட பில்லை அழிக்க முடியுமா என்று கேட்டபோது, "முடியாது, சார், அந்தத் தொகையை ஈடுசெய்யும் எதிர்ப்பதிவு போட்டுத்தான் சரிசெய்ய வேண்டும், இரண்டு பதிவுகளும் கணக்கில் நிற்கும்" என்றார். தணிக்கையைச் சந்தித்தவர்களுக்கு அந்த 'முடியாது' எவ்வளவு நிம்மதியானது என்பது தெரியும்.

அதன்பிறகு அவர் மடிக்கணினியை எங்கள் எழுத்தர் பக்கம் திருப்பிவைத்து, "நீங்களே ஒரு தவறு செய்து பாருங்கள், மேடம்" என்றார். எழுத்தர் 15 என்பதற்குப் பதிலாக 150 என்று பதிந்து சேமித்துவிட்டு, அதைத் திருத்தும் வழியைத் தேடினார். தவறான மெனுவுக்குள் போனார், வெளியே வந்தார், மறுபடி தேடினார். வந்தவர் கையைக் கட்டிக்கொண்டு ஒரு சொல்லும் பேசாமல் காத்திருந்தார். எதிர்ப்பதிவு பொத்தானைத் தாமே கண்டுபிடித்து அழுத்தியதும் எங்கள் எழுத்தர் என்னை நிமிர்ந்து பார்த்தார். விலைப்பட்டியலை அதற்குப் பிறகுதான் கேட்டேன்.