அத்தையின் பார்பி பொம்மைகளை ஏலத்தில் விற்க உதவி வேண்டும்

வணக்கம். வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து எழுதுகிறேன். என் அத்தை ஆசை ஆசையாகச் சேர்த்த 23 பார்பி பொம்மைகள் வீட்டில் இருக்கின்றன. சேலை கட்டியவை மட்டும் ஒன்பது, அதில் ஆறு பெட்டி பிரிக்காதவை. நவராத்திரிக்குக் கொலுவில் ஒரு படி முழுக்க இவைதான் நிற்கும். இப்போது அத்தையின் கண் சிகிச்சைச் செலவுக்காக விற்க வேண்டியிருக்கிறது.

தெரிந்தவர் ஒருவர், "முதுகில் 1966 என்று இருக்கிறதே, அறுபது வருடப் பொம்மை என்று போடு" என்றார். விசாரித்தால், அது அந்த உடல் அச்சுக்கு உரிமை பதிந்த ஆண்டுதானாம். பல வருடம் கழித்துச் செய்த பொம்மைகளிலும் அதே எண் இருக்கும். அப்படிப் பொய் எழுதி விற்க எனக்கு மனமில்லை. பெட்டியில் உள்ள ஆண்டைத்தான் போடுவேன். இரண்டு பொம்மைகளுக்குக் கம்மல் உலோகத்தால் காதோரம் பச்சை படிந்திருக்கிறது, அதையும் கிட்டத்தில் படமெடுத்துக் காட்டுவேன்.

ஈபேயின் இந்தியத் தளம் 2018இலேயே மூடப்பட்டுவிட்டது. அமெரிக்கத் தளத்தில் இங்கிருந்து ஏலம் விட்டவர்கள் இருக்கிறீர்களா? தொடக்க விலையைக் குறைவாக வைத்தால் போட்டி வருமா, இல்லை இதற்குக் கீழே போனால் விற்பதில்லை என்று குறைந்தபட்ச விலை ஒன்றைக் கட்டாயம் வைக்க வேண்டுமா? பெட்டி நசுங்காமல் தபாலில் அனுப்புவது எப்படி? அப்புறம், நம் ஊர் அக்னி நட்சத்திர வெயிலில் ரப்பர் பிசுபிசுத்துவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது. சித்திரைக்குள் அனுப்பிவிட நினைக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.