கீழவீதிக் குடும்பம்: சனிக்கிழமை எத்தனை மணிக்கு?

அண்ணி: சின்னு வளைகாப்பு எத்தனை மணிக்கு என்று இன்றைக்கே முடிவாக வேண்டும். குட்டிக்கு அன்று காலை 9 மணிக்குப் பேஸ்பால் மேட்ச்.

பெரியம்மா: சனிக்கிழமை 9 முதல் 10.30 வரை ராகுகாலம். அதற்குப் பிறகுதான்.

அத்தை: அது தஞ்சாவூர்க் கணக்கு அண்ணி. டெக்சஸில் சூரியன் உதிக்கிற நேரத்தை வைத்துப் பார்க்க வேண்டும்.

பெரியம்மா: இத்தனை வருடமாக நம் வீட்டில் காலண்டரைப் பார்த்துத்தான் எல்லாம் நடந்தது.

அண்ணன்: மேட்சை விட்டுவிடலாம். இப்போதெல்லாம் அவனை முதலில் பந்து போட விடுவதில்லை. ரிலீவராம்.

பெரியம்மா: அப்படியென்றால்?

அண்ணன்: ஓரமாக உட்கார்ந்திருக்க வேண்டும். கூப்பிட்டால் போகலாம்.

பெரியம்மா: உட்காரத்தானே போகிறான். இங்கே வந்து உட்காரட்டும்.

சின்னு: பாவம் பெரியம்மா 😢

சித்தப்பா: அண்ணி, அப்படிச் சொல்லாதீர்கள். முதலில் இறங்குகிறவன் ஐந்தாறு இன்னிங்ஸ், அதாவது ஐந்தாறு சுற்று, போட்டதும் கை தளர்ந்துவிடும். அப்போது இறக்கத்தான் புல்பென்னில், ஓரமாகப் பந்து போட்டுப் பழகும் இடத்தில், ஆள் வைத்திருப்பார்கள். பெரும்பாலும் ஆட்டம் சிக்கலில் இருக்கும்போதுதான் கூப்பிடுவார்கள். போனவுடன் சரியாகப் போட வேண்டும், நிதானித்துக்கொள்ள நேரம் கிடையாது. குட்டியை நம்பித்தான் அங்கே வைத்திருக்கிறார்கள்.

சித்தி: நம் பெண்ணுக்கு வளைகாப்பு. முதலில் மணியைச் சொல்லுங்கள்.

அத்தை: கண்ணாடி வளையல் நான் ஹூஸ்டனிலிருந்து கொண்டுவருகிறேன். பச்சை, சிவப்பு போதுமா?

சித்தி: மஞ்சளும் வேண்டும் அண்ணி.

சித்தப்பா: ஜிம் மோரிஸ் என்று ஒரு ரிலீவர். இதே டெக்சஸில் பிக் லேக் என்ற சின்ன ஊரில் பள்ளி வாத்தியார், சயின்ஸ் பாடம். 1983இல் மில்வாக்கி பிரூவர்ஸ் டீம் அவரை எடுத்திருந்தது. தோளிலும் முழங்கையிலும் ஆபரேஷன் மேல் ஆபரேஷன், கீழ்நிலை லீகோடு ஆட்டம் நின்றுபோனது. பிறகு வாத்தியாராகி, பள்ளி டீமுக்குக் கோச்சும் ஆனார். நீங்கள் மாவட்டச் சாம்பியன் ஆனால் நான் மறுபடி பெரிய டீமின் ஆள் தேர்வுக்குப் போகிறேன் என்று பையன்களிடம் சொல்லியிருந்தார். 1999இல் அவர்கள் ஜெயித்தார்கள். இவரும் போனார். மணிக்கு 98 மைல் வேகம்! இளவயதில் ஆடியபோதுகூட அந்த வேகம் இல்லை.

அண்ணன்: 98ஆ??

சித்தப்பா: தொடர்ந்து பன்னிரண்டு பந்து. டாம்பா பே டெவில் ரேஸ் டீம் சேர்த்துக்கொண்டது. அதே வருடம் செப்டம்பர் 18, நம் ஆர்லிங்டன் மைதானத்தில் ரேஞ்சர்ஸுக்கு எதிராக 8வது இன்னிங்ஸில் ரிலீவராக இறங்கினார். ராய்ஸ் கிளேட்டன் என்ற பேட்டரை நாலே பந்தில் ஸ்ட்ரைக் அவுட் செய்தார், அதாவது பந்தை அடிக்கவே விடாமல் அவுட். வயது 35.

பெரியம்மா: வாத்தியார் வேலை என்ன ஆயிற்று?

சித்தப்பா: விட்டுவிட்டார்.

பெரியம்மா: பிள்ளைகள்?

சித்தப்பா: மூன்று பேர் அண்ணி.

பெரியம்மா: அவர் மனைவியை நினைத்தால்தான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. சரி, அப்புறம் எத்தனை வருடம் ஆடினார்?

சித்தப்பா: இரண்டு சீசன். மொத்தம் 21 ஆட்டம், 15 இன்னிங்ஸ், 13 ஸ்ட்ரைக் அவுட். அவர் பெயரில் வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை.

அண்ணன்: அவ்வளவுதானா?

சித்தப்பா: அவ்வளவுதான். கடைசி ஆட்டம் 2000 மே 9, நியூயார்க் யாங்கீ ஸ்டேடியம். ஆட்டம் சமநிலையில், 10வது இன்னிங்ஸ், மூன்று பேஸிலும் ஆள். அந்த நிலையில் இவரைக் கூப்பிட்டார்கள். பால் ஓநீலுக்கு வாக் கொடுத்துவிட்டார், அதாவது நாலு பந்து தப்பாகப் போனதில் அவருக்கு முதல் பேஸ் சும்மா கிடைத்தது. மூன்றாவது பேஸில் நின்றவர் உள்ளே வந்து ரன் ஆனது, யாங்கீஸ் ஜெயித்தது. ஆனால் ஜெயிக்க வைத்த ரன்னர் இவருக்கு முன்னால் போட்டவர் விட்டுப்போன ஆள். அதனால் தோல்வி இவர் கணக்கில் ஏறவில்லை. ரிலீவர் வேலையின் கஷ்டமே இதுதான், பிறர் விட்டுப்போன சிக்கலுக்குள் போய் நிற்க வேண்டும். அந்த ஒரு வாக்கை வைத்து அவரை எடை போட எனக்கு மனம் வராது. 21 தடவை நம்பிக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

அண்ணி: குட்டிக்குப் படித்துக் காட்டினேன். மூன்றாவது தடவையாக 98 மைலா என்று கேட்கிறான்.

அத்தை: தம்பி, உன்னையும் அப்போது யுனிவர்சிட்டி டீமுக்கு விட்டிருக்கலாம்.

பெரியம்மா: அதை இப்போது எதற்கு எடுக்கிறாய்? பெரியப்பா இருந்தபோதே பேசி முடித்த விஷயம்.

அத்தை: யார் பேசியது? எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருந்தோம்.

சித்தப்பா: என் அண்ணன் மேல் எனக்கு வருத்தமே இல்லை அண்ணி. எனக்குப் பீஸ் கட்டியவர் அவர். ஒரு மேட்சாவது ஆடியிருந்தால் என்று தோன்றும், அது உண்மை. அதனால்தான் குட்டியை விடச் சொல்கிறேன்.

பெரியம்மா: அவரும் கடைசியில் இதைச் சொன்னார். உன்னிடம் சொல்லவில்லை.

சித்தப்பா: அண்ணி, இரவு போன் செய்கிறேன்.

சின்னு: 11 மணிக்கு வைத்துக்கொள்ளலாமே அப்பா? குட்டி வராமல் எனக்கு யார் சந்தனம் பூசுவது?

அண்ணி: மேட்ச் 11க்கு முடியாது.

அண்ணன்: 11.30?

பெரியம்மா: 12க்குள் முதல் வளையல் போட்டாக வேண்டும். 1.30க்கு யமகண்டம்.

சித்தி: அப்படியென்றால் சாப்பாடு எத்தனை மணிக்கு? கேட்டரிங்காரர் காத்துக்கொண்டிருக்கிறார்.

அத்தை: புளியோதரை நான் செய்கிறேன், ஆர்டரில் எடுத்துவிடு.

சித்தி: அண்ணி, ஏற்கெனவே சொல்லியாயிற்று.

அண்ணன்: குட்டியை நான் கூட்டிப்போகிறேன். நாங்கள் வரும் வரை ஆரம்பிக்காதீர்கள்.

பெரியம்மா: 12 மணி வரைதான்.